அங்க அடையாளங்கள்

அறுபது டாலர் சைக்கிளுக்கு
எண்பத்தைந்து டாலர் பூட்டு.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்று
கடைக்காரரிடம் சொல்ல
என் ஆங்கிலம் போதவில்லை.

டேவிஸில்
மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம் என்கிறார்கள்.
யாரும் எண்ணிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

பதிவுப் படிவம்
நிறம் கேட்டது, தொடர் எண் கேட்டது.
கவிழ்த்துப் போட்டு
பெடல் சேருமிடத்துக் கிரீஸை
விரலால் வழித்துத் தேடினேன்,
பத்தாம் வகுப்பில் எங்களை வரிசையாக நிறுத்தி
மச்சம் எங்கேடி, மச்சம் எங்கே என்று
அற்புதமேரி டீச்சர்
முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுபோல.
வலது முழங்கையில் ஒரு தழும்பு.
இன்னும் என் சான்றிதழில் இருக்கிறது,
முழங்கையில்தான் மங்கிவிட்டது.

சைக்கிளுக்கும் ஒன்று எழுதினேன்:
இடது கைப்பிடியில் பல் தடம்,
பழைய சொந்தக்காரரின் நாய் உபயம்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில், பொடி எழுத்தில்.

அறைத்தோழி மாரிசோல் மூன்று சைக்கிள் இழந்தவள்.
சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டு,
மரக்கன்றில் பூட்டாதே, மரத்தையே வெட்டுவார்கள்,
சீட்டைக் கழற்றிக்கொண்டு போ.
மண்ணியல் கருத்தரங்கில்
மடியில் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன்,
கோழியை மடியில் வைத்து
பேருந்தில் போகிறவள்போல.

நூலகத்துக்கு வெளியே
கம்பியோடு பூட்டிய ஒற்றை முன்சக்கரம்
அக்டோபரிலிருந்து நிற்கிறது.
யாரோ பூட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நவம்பரில், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத
மூடுபனிக் காலையில்
சாவி தொலைந்தது.
மாற்றுச் சாவி பத்திரமாகத்தான் இருக்கிறது,
எனக்கே தெரியாத அளவு பத்திரமாக.

பட்டறை லூகாஸ் கிரைண்டர் தருகிறேன் என்றான்.
எனக்கு இட்லிமாவுதான் நினைவு வந்தது.
வந்தது இரும்பு அறுப்பது,
கைக்கடக்கமாக, பேட்டரியில்.

பையில் ரசீது.
பதிவு அட்டை.
சைக்கிளோடு நான் நிற்கும் புகைப்படம்.
நாவில் ஒரு வாக்கியம்,
நேற்றிரவு கண்ணாடி முன் நான்கு தடவை சொல்லிப் பார்த்தது:
இது என்னுடையதுதான், ஐயா.
ஐயாவை எடுத்துவிட்டு இன்னொரு தடவை.

நண்பகல். வகுப்பு விடும் நேரம்.
பொறி பறந்தது.
ஊருக்கே கேட்கும் சத்தம்.
நூறு பேர் கடந்து போனார்கள்.
ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான்.
ஒருத்தி காபியைப் பொறியிலிருந்து நகர்த்திப் பிடித்தாள்.
துப்புரவுப் பணியாளர் ஒருவர் நின்று
"பிடித்துக்கொள்ளட்டுமா?" என்றார்,
பிடித்தும் கொண்டார்.

நாற்பது நொடி.
எண்பத்தைந்து டாலர் இரண்டாக விழுந்தது.

யாரும் கேட்கவில்லை.
நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா?
ரசீதைப் பையில் திரும்ப மடித்து வைக்கும்போது
கொஞ்சம் கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியவில்லை.
என் சைக்கிளை
யார் வேண்டுமானாலும் இப்படித்தான்,
உதவிக்கு ஆளும் வைத்துக்கொண்டு.

பிறகு இரண்டு பூட்டு வாங்கினேன்.
கணக்கு எழுதுவதை விட்டுவிட்டேன்.

டிசம்பர், தேர்வு வாரம்.
இரவு பதினொன்று, அதே கம்பி வரிசை.
தொப்பியை இழுத்துவிட்ட ஒருவன்
நீலச் சைக்கிள் முன் மண்டியிட்டிருக்கிறான்.
அதே சத்தம்.
பனியில் பொறிகள் ஆரஞ்சாக விழுந்து அணைகின்றன.

கடந்து போயிருக்கலாம்.
நூற்றியோராவது ஆளாக.

நின்றேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
நான் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்,
ஒத்திகை பார்த்த சிரிப்பு.
உன்னுடையதா என்று கேட்க வாய் வரவில்லை.
அந்தக் கேள்வி எப்படி வந்து விழும் என்று
ஒரு மாதமாக எனக்குத் தெரியும்.

"சாவி தொலைந்து..." என்று ஆரம்பித்தேன்.

ஆமாம் என்றான்,
நான் முடிப்பதற்குள்.